மாத்திரையை நிறுத்திவிட்டுச் சொன்ன சாட்சி

சபையார் எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் வணக்கம். போன வருஷம் பெண்கள் உபவாச ஜெபத்தில் நான் எழுந்து நின்று சொன்ன சாட்சி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் பாதி பொய். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும் ஆபரேஷன் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் ஜெபித்தீர்கள். பிழைத்தேன். நோய் திரும்பி வராமல் இருக்க தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஐந்து வருஷம் விடாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். சின்ன மாத்திரைதானே என்று நினைத்தேன். இரண்டாம் மாதமே உடம்பு அடுப்பாகிவிட்டது. திடீரென்று நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். ஃபேனுக்கு அடியில் நின்றாலும் ஜாக்கெட் நனைந்துவிடும். விரல் மூட்டெல்லாம் வலி. வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

நான் வேலை பார்ப்பது பட்டுப்புடவைக் கடையில். சித்திரை மாதம் ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்து முந்தானையைக் காட்டிக்கொண்டிருந்தேன். சூடு ஏறியது. துடைப்பதற்குள் என் மோவாயிலிருந்து இரண்டு சொட்டு ஜரிகை மேலேயே விழுந்தது. பெண்ணின் அம்மா புடவையை விரல் நுனியால் தள்ளினார்.

"இது வேணாம்மா. வேற ஆள வந்து காட்டச் சொல்லு."

முதலாளி திட்டவில்லை. "நீ கொஞ்ச நாள் உள்ள மடிக்கிற வேலை பாரும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டேன். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆம்பளை டாக்டரிடம் போய் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று, ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கேன் சார்" என்றே சொல்லி வந்தேன்.

சில வாரத்தில் சூடு நின்றது. மாத்திரையை நிறுத்தினால் நிற்காமல் என்ன செய்யும்? அந்த மாதம்தான் உபவாச ஜெபத்தில் எழுந்தேன். "கர்த்தர் என் வேர்வைய எடுத்துட்டாரு. மாத்திரை இல்லாமலே சுகமா இருக்குறேன்" என்றேன். எல்லாரும் கை தட்டினீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதற்குக் கர்த்தரையும் துணைக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது மல்லிகா என் கையைப் பிடித்தாள். கூரம் கிராமத்திலிருந்து வருகிறவள். ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே ஆபரேஷன், அதே மாத்திரை. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"அக்கா, உங்க சாட்சி கேட்டு நானும் மாத்திரைய வுட்டுட்டேன். இப்ப வேர்வையே இல்ல. ஆண்டவர் எவ்ளோ நல்லவரு பாத்தீங்களா?"

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "சரிம்மா, பாத்துப் போ" என்று அனுப்பிவிட்டேன். வாழ்க்கையில் நான் அதிகம் வெட்கப்படுவது அந்த மூன்று வார்த்தைக்குத்தான்.

அந்த வாரம் முழுக்க ஜெபித்தேன். முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, நீரே அவளுக்கு எப்படியாவது உணர்த்தும்" என்று. நான் வாய் திறக்காமல் காரியம் முடிய வேண்டும், அவ்வளவுதான். மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை முழங்கால் போட்டபோது வேறு ஜெபம் வந்தது. "அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. என் மானம் போனாலும் போகட்டும்." தேம்பி அழுதேன். எழுந்து நேரே கூரத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தைரியம் என்னுடையது அல்ல.

மல்லிகா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"வேர்வை நின்னது மாத்திரைய வுட்டதாலயா? நான் கர்த்தர்னு சொல்லிக்கினு இருந்தேனேக்கா. எம்பொண்ணுகிட்ட கூட சொன்னேன்."

"நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டராண்ட போலாம்மா" என்று மட்டும் சொன்னேன். வந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

டாக்டர் கோபப்பட்டார். "வேர்க்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே ஒரு வழி பண்ணியிருப்பேனே" என்றார். இருவருக்கும் பரிசோதனை எழுதினார். முடிவு வரும்வரை நான் ஜெபத்தில் கேட்டது மல்லிகாவுக்காக மட்டும். இரண்டு பேருக்கும் நோய் திரும்பிய அடையாளம் இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே முக்காடு போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். சூட்டுக்கு வேறொரு மருந்து கொடுத்தார். தினமும் நடக்கச் சொன்னார், காபியைக் குறைக்கச் சொன்னார். வேர்வை முழுதாக நிற்கவில்லை. பாதி குறைந்திருக்கிறது. அந்தப் பாதிக்கும் ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். தாங்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தைக் கொடுத்தவரும் கர்த்தர்தான். உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு போனால் அவர் யாரையும் தள்ளுவதில்லை. என்னையே தள்ளவில்லை.

மல்லிகா இன்னும் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ கால் வருகிறது.

"போட்டீங்களா?"

"போட்டேம்மா."

"அட்டையக் காட்டுங்க."

காட்டுகிறேன். அவள் ஒவ்வொரு குழியாக எண்ணிப் பார்க்கிறாள். பிறகு தன் மாத்திரையை நாக்கில் வைத்து, நான் பார்க்க, தண்ணீர் குடிக்கிறாள்.