அத்தைக்கு ஒரு மேற்கு ஜன்னல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளில் நாங்கள் செஞ்சியில் வீடு கட்டினோம். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். இருட்டில் பூச்சி புழு தெரியாமல் வாய்க்குள் போய்விடக் கூடாது, அதுதான் காரணம். என் மாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. குடியிருந்த வாடகை வீட்டுச் சமையலறையில் ஜன்னலே கிடையாது. எங்களுக்குப் பொழுது இருக்கும்போதே அத்தைக்கு இருட்டிவிடும். தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்ப்பார். சோறு சரியாகத் தெரியாவிட்டால் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். முன்னாடியே போட்டுவிடலாம் என்றால், கடையிலிருந்து தன் பிள்ளை, எங்கள் வீட்டுக்காரர், வராமல் தட்டில் கை வைக்க மாட்டார். கூடத்தில் உட்காருங்கள் என்றாலும் கேட்க மாட்டார். சமையலறை தவிர வேறெங்கும் சாப்பிட்டுப் பழக்கமில்லை. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார்.

அதனால் புது வீட்டுச் சமையலறைக்கு மேற்கே ஜன்னல் வேண்டும் என்று பிளானில் போடச் சொன்னோம். எங்கள் மனை சின்னது. கிழக்கே தெரு, இரண்டு பக்கமும் வீடுகள். மேற்கு ஒன்றுதான் வழி. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறவரை அந்தப் பக்கம் வெளிச்சம் நிற்கும்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஓவர்சியர் இடம் பார்க்க சைக்கிளில் வந்தார். பிளானை விரித்து, "பின்னாடி எல்லையிலயே சுவரு. அதுல ஜன்னலா?" என்று கேட்டதுதான் தாமதம், வேலிக்கு அப்பால் இருந்து ஒரு குரல் வந்தது. பின்வீட்டு அக்கா. கிறிஸ்தவங்க, மணிலாக்கொட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம்.

"மாதா மேல சத்தியமா சொல்றேன். என் பொண்ணுங்க குளிக்கிற எடம் இது. இங்க ஜன்னலு தொறந்தா நான் கலெக்டர் வரைக்கும் போவேன்!"

வேலி ஓரத்திலேயே அவர்கள் கிணறும், ஓலைத்தட்டி கட்டிய குளியல் மறைப்பும் இருந்தன. ஓவர்சியர் பிளானைச் சுருட்டினார்.

"அந்தம்மா சொல்றதுல ஞாயம் இருக்குது. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. அவங்க கைநாட்டு வெச்சுக் குடுத்தா பாஸ் பண்றேன். இல்லாட்டி பிளான்ல ஜன்னலை அடிச்சுட்டுக் குடுங்க, உடனே அனுமதி."

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர், "மழைக்குள்ள சுவரு எழும்பணும், அடிச்சுடலாம்" என்றார்.

"அடிச்சுடுடா. ராவுல சாப்ட்டு நான் இன்னா ஏர் ஓட்டப் போறனா?" என்றார் அத்தை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நான் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பின்வீட்டுக்குப் போனேன். அக்கா மணிலாத் தோலை அடுப்பில் போட்டு எரித்து வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா, ஜன்னலுக்கா? உங்க வூட்டு ஆம்பளைங்க வாயில கொழுக்கட்டையா, ஒன்ன அனுப்பி இருக்காங்க?" என்றார்.

"யாரும் அனுப்பலக்கா. எங்க அத்தை சாப்பிட மாட்டேங்கறாங்க" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. உட்காரச் சொன்னார். எப்படியோ திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன்.

"நாங்க தவக்காலத்துல ஒருவேளை பட்டினி இருக்கறதுக்கே ஊரைக் கூட்டறோம். உங்க அத்தை வருசம் பூராவா?" என்று அடுப்பில் இன்னும் கொஞ்சம் தோலைத் தள்ளினார். "சரி, சாயந்தரம் உன் வூட்டுக்காரரை மனைக்கு வரச் சொல்லு. ஓவர்சியரும் வரட்டும்."

சாயந்தரம் அக்கா துணி காயப்போடும் மூங்கில் கழியோடு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் நல்ல உயரம். அவரை எல்லையில் நிற்கவைத்து, தலைக்கு மேலே கழியில் ஒரு கந்தலைக் கட்டினார்.

"இதுக்கு மேல ஜன்னலு" என்றவர் மறுபடி யோசித்தார். "ஆட்டுக்கல்லு மேல ஏறினாருன்னா?"

"நான் எதுக்கும்மா ஏறப் போறேன்?"

"ஆம்பளைய யாரு கண்டா? அந்தச் செங்கல் மேல ஏறு."

ஓவர்சியர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். பாவம், எங்கள் வீட்டுக்காரர் ஏறி நின்றார். கந்தல் ஓடு வரும் உயரத்துக்குப் போய்விட்டது.

"அவ்ளோ மேல வெச்சா வெளிச்சம் எதிர் சுவத்துலதான் விழும். தரையில உக்கார்ற அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஓவர்சியர்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தையும் வந்திருந்தார். மறைப்பு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "மேலயே இருக்கட்டும். வயசுப் பொண்ணுங்க குளிக்கிற எடம். நம்ம வூட்டுப் பொண்ணுன்னா விடுவமா?" என்றார்.

அக்கா கழியைக் கீழே சாய்த்தார். கந்தலை அவிழ்த்தார். கழியைத் தன் தோளுக்கு நேராகப் பிடித்து அங்கே கட்டினார்.

"எழுதிக்க சார். ஜன்னலு இங்க. நான் தட்டியப் பிரிச்சுக் கிணத்துக்கு அந்தாண்ட கட்டிக்கிறேன். ஓலைதான, கோட்டையா இன்னா?"

அங்கேயே கைநாட்டு வைத்தார். கொஞ்ச நாளில் அனுமதி வந்தது. மழைக்குள் ஓடும் போட்டுவிட்டோம்.

புது வீட்டில் அத்தை ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து தட்டைத் தரையில் வைத்தே சாப்பிட்டார். மேகம் மூடிய நாளில் அப்போதும் பட்டினிதான், அதை மறைப்பானேன். மற்ற நாளில் வெளிச்சம் இறங்கும் நேரம் கிணற்றடியிலிருந்து, "சாப்டியா பெரியம்மா? மலை மறைக்கப் போவுது!" என்று அக்காவின் சத்தம் வரும். "ஆச்சுடி, கை கழுவுறேன்" என்பார் அத்தை. அவர் இருந்தவரை இது நடந்தது.

கைநாட்டு பிளான் மேலேயே வைத்தாரா, தனித் தாளிலா என்பது எனக்கு நினைவில்லை. வந்தவர் பஞ்சாயத்து ஓவர்சியரா, யூனியன் ஆபீஸ்காரரா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆபீஸ் நடைமுறை தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.