வயர் கத்திரி

ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தின் இன்டர்நெட் வயரை வெட்டியவன் நான்தான். எலி கடித்திருக்கும் என்று சொன்னவனும் நான்தான்.

சந்து வீடுகள் சேர்ந்து மலிவாக ஒரே இணைப்பு எடுத்திருந்தார்கள். வயர் என் மொட்டைமாடி வழியாகப் போனது; என்னை யாரும் கேட்கவில்லை. ஏன் என்றேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "மாடி உங்களுது சார். மேல இருக்கிற ஆகாசமும் உங்களுதா?" என்றாள். சந்தே சிரித்தது.

அவள் மகளுக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ இருந்த காலையாகப் பார்த்து வெட்டினேன். அந்தப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடி ஓடியதை மாடியிலிருந்து பார்த்தேன். இனித்தது. வேலை கைநழுவியது. மாலையில் அவள் அழுகை என் ஜன்னல்வரை வந்தபோது இனிக்கவில்லை.

புது வயர் போடவைத்து, வைஃபை பெட்டியை என் சுவரிலேயே மாட்டச் சொன்னேன். பிறகு தையல்காரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் தையலை நிறுத்தாமல், "பெட்டி இருக்கட்டும் சார். அதுக்குப் பேரு நாங்க வெச்சுக்கறோம்" என்றாள்.

அன்றுமுதல் எல்லார் போனிலும் வைஃபையின் பெயர் ‘வயர் கத்திரி தாத்தா’. தையல்காரம்மா மகளுக்கு வேலை கிடைத்ததும் மாற்றுவார்கள் என்றிருந்தேன். கிடைத்தது, மாற்றவில்லை.

விடுமுறைக்கு வந்த என் மகள் போனைப் பார்த்துச் சிரித்தாள். "யாருப்பா இது?"

"நான்தாம்மா" என்றேன்.