தறிச் சத்தத்துக்குள் ஒரு பாட்டு

"பாப்பா கையத் தட்டிக்கினே பாடுங்க சார், அப்பத்தான் பேச்சும் படிப்பும் சீக்கிரம் வரும்" என்றார் திருப்பதியில் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர். மகளை மடியில் வைத்து அவள் கையைத் தட்டினேன். தடக் தடக்கென்று சொந்த ஊரான நகரியில் ஓடும் எங்கள் வீட்டு விசைத்தறியின் வேகம்தான் வந்தது, பாட்டு வரவில்லை.

நூல் அறுந்துவிடுமென்று அம்மா அந்தத் தறியைவிட்டு நகரமாட்டாள். என் தூளிக் கயிற்றைக் காலில் கட்டி ஆட்டியபடியே பாடுவாள். பள்ளியில் சேரும்வரை எனக்கு அந்தத் தூளிதான். நூலுக்குப் போட்ட கஞ்சிப்பசை வாசத்தில் அவள் உதடு அசைவது தெரியும், ஒரு சொல்லும் கேட்காது.

போன் போட்டேன். "அம்மா, என்னத் தூளில ஆட்டுறப்ப இன்னா பாட்டு பாடுவே?"

அங்கே தறி ஓடிக்கொண்டிருந்தது. "யாருக்குடா தெரியும்?" என்று கத்தினாள். "இந்தச் சத்தத்துல எனக்கே கேக்காது!"

இந்த வீட்டில் தறி இல்லை. ஆனாலும் பாட வாயெடுத்தபோது என் உதடு மட்டுமே அசைந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.