தாயத்துக்குள் இருந்த கொடி

அந்தக் கட்டையில போறவனை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் கம்பிக்கட்டு சரிந்து, என் தம்பியின் முதுகெலும்பு முறிந்த வருஷம். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் படுத்துவிட்டான். கருவிலிருந்து எடுக்கும் செல்லால் அறுந்த நரம்பையும் வளர்க்கலாம் என்று பேப்பரில் வந்ததைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. நான் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன்.

"பின்னாடி கருமுட்டையாவோ விந்தாவோ ஆக வேண்டிய செல்லும்மா அது. எடுத்து வளர்த்தா நரம்பு, தசைன்னு எதுவா வேணா மாறும். ஆனா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. மனுஷங்களுக்கு வர நாளாகும்" என்றார்.

அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. சென்னையில் ஒரு கிளினிக்கில் இப்போதே ஊசி போடுகிறார்களாம். வேனில் தம்பியைப் படுக்க வைத்துக் கூட்டிப்போனோம்.

டை கட்டிய ஆள் ஒருவன், பொங்கலுக்குள் தம்பி நடந்தே வேலைக்குப் போவான் என்று வாய் கூசாமல் சொன்னான். எல்லாம் கருவின் செல்லாம். உடனே அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளித் தாயத்து. தம்பியின் தொப்புள்கொடியைக் காயவைத்து அடைத்து, சின்ன வயசில் அவன் இடுப்பில் கட்டியிருந்தது.

"ஊரான் கரு இன்னாத்துக்கு சார்? இவன் கொடியே கீது."

சருகாய்க் காய்ந்த கொடியில் உயிர் ஏது? அதை அவன் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். சொன்னானா? தாயத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர்மா! சொந்த செல்லு. இதையும் மிக்ஸ் பண்ணிடலாம், சீக்கிரம் கேக்கும்" என்றான்.

"அடப்பாவி! காஞ்சு போனதுல இன்னாடா செல்லு கீது? உன்னையும் ஒருத்திதானே பெத்தா!" தாயத்தைப் பிடுங்கிக்கொண்டு, தம்பியை வேனில் ஏற்றச் சொன்னேன்.

கவரைப்பேட்டை வரைக்கும் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "எம் புள்ள எய்ந்து நடக்கறது உனக்குப் புடிக்கலியாடி?" அந்த ஆராய்ச்சி மேல் எனக்கு என்ன கோபம்? என்றைக்காவது பலிக்கட்டும், நாலு பேர் எழுந்து நடக்கட்டும். பலிக்காததைப் பலித்துவிட்டதாகச் சொல்லி, படுத்தவன் தலைமாட்டில் கடை விரிக்கிறார்களே, அவர்கள் நாசமாய்ப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புதுக் கறுப்புக் கயிறு எடுத்து, தாயத்தைக் கோத்து, தம்பியின் இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த அவன் கேட்டான்: "இன்னும் கட்டலியாம்மா?"