சாயங்காலப் பால்

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பால் சங்கம் தொடங்கியபோது நான்தான் அதன் எழுத்தர். எழுத்தர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பால் அளப்பது, கேன் கழுவுவது, எழுதுவது எல்லாம் நானே. சங்கம் பதிவானால் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் அப்பாவோடு கடலைக்காட்டில் களை வெட்ட வேண்டியதுதான். பி.யூ.சி. படித்த கர்வத்தில் எனக்கு மண்வெட்டியைக் கண்டாலே ஆகாது.

கூட்டுறவு என்றால் சர்க்காருக்கு அப்போது ஒரு தனிப் பிரியம். சங்கம் வைக்கிற ஊர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கம்பெனிகளையும் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று பால் கேன்களும், தண்ணீர் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரும், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனது. கூட்டுறவுத் துறை இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு மாதம் காலையும் மாலையும் தவறாமல் பால் வர வேண்டும். வந்தால் பதிவுக்குச் சிபாரிசு செய்வார்.

காலையில் பால் வந்தது. மாலையில் ஒரு சொம்புகூட வரவில்லை. விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உப்பு எதையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்பி, கறந்து முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். திட்டம் போட்டவர்கள் இதையெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை. உள்ளூர்க்காரனான எனக்கும் முன்னாடியே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

வழி கண்டுபிடித்தது பெண்கள். பாலை ஊற்றிவிட்டு வந்து விளக்கு வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா? கோபித்துக்கொள்ளாது என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஊர் என் கேனைப் பார்த்துத்தான் விளக்கேற்றியது. கடைசிச் சொம்பு ஊற்றி முடியும்வரை தெரு இருட்டாகக் கிடக்கும். பெட்ரோமாக்ஸை நான் தொடவே இல்லை; அதை ஏற்றினால் அதுவும் விளக்கு வைத்த கணக்காகிவிடும். லாக்டோமீட்டரைப் பாலில் விட்டு, அந்தி மங்கலில் குனிந்து பார்த்து, தெரிந்த மாதிரி ஏதோ எழுதினேன்.

மாதக் கடைசியில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். அதிகாரம் மட்டும் மலையாளத்தில்தான் வரும்.

"இருட்டத்து எந்து பரிசோதன? விளக்கு கத்திக்கு."

பெட்ரோமாக்ஸை ஏற்றச் சொல்கிறார். ஏற்ற முடியாத காரணத்தைச் சொன்னேன்.

"அப்போ இத்தன நாளும் எதைப் பார்த்து எழுதினே?" என்று தமிழில் கேட்டார்.

பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்து ஏற்றினேன். வரிசையில் நின்ற பெண்களின் முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒருத்தி சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். என் வேலை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் நின்ற ஓர் அக்கா மட்டும் முன்னால் வந்தாள். புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு கொழுந்தனார் வீட்டுத் தாழ்வாரத்தை ஒட்டிய அறையில் இருந்தவள். தோட்டை விற்று வாங்கிய ஒரு பசுதான் அவளுடைய ஆஸ்தி.

"அக்கா, வெளக்கு வெச்சாச்சுங்க" என்றேன், கவனிக்காமல் வந்துவிட்டாளோ என்று.

"எனக்குங் கண்ணு இருக்குது தம்பி. இது சங்கத்து வெளக்கு, எங்கூட்டு வெளக்கில்ல. அப்படியே இருந்தாலும், லட்சுமி எங்கூட்டுக்கு வந்தாத்தானே திரும்பிப் போறதுக்கு? புடி, அளந்துக்கோ."

இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். திரும்பிப் போனவர்கள் நின்றார்கள். "அதானே, சங்கத்து வெளக்குதானே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல, வரிசை மறுபடி சேர்ந்தது. அன்றுதான் லாக்டோமீட்டரில் உள்ள கோடுகளை நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

சிபாரிசு கிடைத்தது. உறுப்பினர் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். மாட்டுக்கு உடையவர்தான் உறுப்பினராகலாம், பால் பணமும் அவர் கைக்குத்தான், அதற்கு மாடு வாங்கிய சந்தைச் சீட்டைக் காட்ட வேண்டும் என்றது சட்டம். வேலந்தாவளம் சந்தைக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. பால் கறந்து சுமந்து வந்தவர்களில் ஒருத்தி பெயரிலும் சீட்டு இல்லை. அக்காவின் பசுவைச் சந்தையில் பிடித்துக்கொண்டு வந்தவர் கொழுந்தனார். அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

மாடு யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் விசாரணை வரும், பதிவு தள்ளிப்போகும். பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதினேன். சங்கம் பதிவானது, என் வேலையும் நிரந்தரமானது.

மறுநாள் மாலை அக்கா வழக்கம்போலச் சொம்போடு வந்தாள். அதற்குள் அவள் காதுக்கு விஷயம் போயிருந்தது.

"இனி யாரு பேருல ஊத்தோணும் தம்பி?"

முகத்தைப் பார்க்காமல் கொழுந்தனார் பெயரைச் சொன்னேன். அவள் ஊற்றினாள்.