செருப்பு மாற்றிய பிறகே கூண்டு

பறவைக் காய்ச்சல் பரவியபோது, மண்ணூரில் எங்கள் வீட்டு ஓனர் அக்கா வாட்ஸ்அப்பைக் காட்டி, "குருவி வளர்க்கிற வூட்டுக்கெல்லாம் நோய் வருமாம். உன் லவ் பேர்ட்ஸை இப்பவே தொறந்து வுட்டுடு" என்றார். பயத்தில் கூண்டைத் திறக்கப் போனேன். நல்லவேளை, முதலில் கால்நடை மருத்துவருக்கு போன் செய்தேன்.

"வெளிய விடாதீங்கம்மா. காக்கா, கோழி அண்டாம பார்த்துக்குங்க. செருப்புல ஒட்டிகிட்டுகூட கிருமி வரும்" என்றார்.

வேலை பார்க்கும் தொழிற்சாலையில் செருப்பு மாற்றாமல் உற்பத்தி லைனுக்குள் நுழையாத நான், அக்காவின் கோழிகள் மேயும் வாசலை மிதித்த செருப்போடுதான் தினமும் வராண்டாவில் தீனி வைத்திருக்கிறேன்! அன்றே கூண்டுக்கு வலை கட்டினேன். வராண்டாவுக்கென்று தனிச் செருப்பு வாங்கினேன். இப்போதெல்லாம் கை கழுவாமல் தீனியைத் தொடுவதில்லை.

காய்ச்சல் பீதி ஓய்ந்தது. என் லவ் பேர்ட்ஸ் ஜோடி குஞ்சு பொரித்தது! பார்க்க ஓடிவந்த ஓனர் அக்காவிடம், "அக்கா, செருப்பு!" என்றேன். வாசல் செருப்பைக் கழற்றிவிட்டு, வராண்டா செருப்பை மாட்டிக்கொண்டார்.