ரிலேக்கு வைத்த சந்தனம்

போன வெள்ளிக்கிழமை என் தங்கை மகன் புதுக் கார் எடுத்து, எங்கள் ஊர் காஜா பெராங் கோயிலில் பூசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். சக்கரத்துக்கு வைத்தார், கண்ணாடிக்கு வைத்தார், சரி. "எஞ்சினுக்கும் வச்சிருவோமா?" என்று பானெட்டில் கையை வைத்தாரோ இல்லையோ, "சாமி, அத மட்டும் தொறக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது. கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே. சந்தன வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு சிவப்புக் காரும் ஒரு டெலிபோன்கார அக்காவும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

மெர்டேக்கா, அதான் மலாய் நாட்டுச் சுதந்திரம், கிடைத்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, மடக்குகிற கித்தான் கூரை, தரையோடு தரையாக ஓடும். அப்போதே பழசு. நம்ம டாக்டர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கினார். நோயாளி பார்க்கப் போகிற மனுஷனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள், பார்த்தால் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். நான் இங்கே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் ஒயரிங் வேலை பார்த்தேன். கல்யாணமாகி மூன்றே மாதம். ஊரிலேயே பெரிய ஒயர்மேன் நான்தான் என்ற நினைப்பு வேறு.

அந்தக் காரில் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடுவது ஒரு ரிலே. தீப்பெட்டி அளவு. சாவியைத் திருப்பினால் உள்ளே 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். அது கருகினால் பம்பு நிற்கும், கார் நடுரோட்டில் படுத்துவிடும். முதல் ரிலே வயசாகிச் செத்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. புதுசு போட்டேன். பத்து நாளில் ஆயர் குரோ சாலையில் கார் நின்றது. இன்னொன்று போட்டேன், ஒரு வாரம். மூன்றாவது, நாலே நாள்.

"என்னப்பா, மறுபடியும் நின்னு போச்சே. பிரசவ கேசுக்கு சைக்கிள் கடன் வாங்கிட்டுப் போனேன்" என்றார் டாக்டர். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தவுக்கே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "லாகி சத்து காலி, லு பாலிக் ருமா" என்றார். இன்னொரு தடவை ஆனால் நீ வீட்டுக்குப் போ. விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். வேலை போனதை வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது?

பட்டறைக்குப் பக்கத்துச் சந்தில் தலைமுறை தலைமுறையாக மலாய்க்காரர்களோடு கலந்துபோன செட்டி குடும்பத்து அக்கா ஒருவர் இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். மலாய்ப் பாணியில் சாரோங் கெபாயா உடை, குடை, நெற்றியில் திருநீறு. நம்மைவிட ஒழுங்காகச் சாமி கும்பிடுகிறவர்கள், பேச்சு மட்டும் மலாய். தமிழில் அவருக்குத் தம்பி, சாமி, இன்னும் நாலைந்து வார்த்தை வரும். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர், முந்தின நாள் பூட்டிய நாலாவது ரிலேயைச் சோதிக்க நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கேட்டு நின்றார். ஆமாம், பார்த்து இல்லை, கேட்டு. குடையை மடக்கி வைத்துவிட்டு எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தார்.

"தியா மெங்கிகில், தம்பி" என்றார். அது நடுங்குகிறதாம். எனக்கு எரிச்சல். டெலிபோன் பேசுகிறவருக்குக் கார் என்ன தெரியும்? ஆனால் உற்றுக் கேட்டால், அட, 'டக்' இல்லை, 'டுர்ர்ர்'. எக்ஸ்சேஞ்சில் நூற்றுக்கணக்கான ரிலேக்களுக்கு நடுவே உட்கார்ந்து காதைத் தீட்டி வைத்திருந்தார் மகராசி! "புக்கான் ரிலே சாலா. எர்த் தா பைக்." ரிலேமேல் தப்பில்லை, வண்டி இரும்பு வழியாகக் கரண்ட் திரும்புகிற எர்த்தான் சரியில்லை என்றார். ஒரு துண்டு ஒயர் கேட்டு வாங்கி, ஒரு முனையை ரிலேயின் அடித்தகட்டிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் அழுத்தினார். நடுக்கம் நின்றது. திருத்தமாக ஒரு 'டக்'.

ரிலேயைக் கழற்றினேன். அடியில் மஞ்சளாக, காய்ந்து வெடித்த அடை. அதைச் சுற்றித் துரு. என் சந்தனம்! புதுச் சாமான் பொருத்துகிற இடத்துக்கு மஞ்சளும் சந்தனமும் குழைத்து வைக்காமல் நான் ஸ்க்ரூ முடுக்கியதே கிடையாது. ஸ்க்ரூவைக்கூட அதில் தொட்டுத்தான் போடுவேன். ஈரமாக இருக்கிறவரை கரண்ட் ஓடியிருக்கிறது. காயக் காய எர்த் போய், ரிலே நடுங்கி நடுங்கிக் கருகியிருக்கிறது. கார் திரும்பி வரவர, கண்ணேறு பட்டிருக்கிறது என்று நான் இன்னும் தடிமனாக அப்பியிருக்கிறேன். மூன்று ரிலேயையும் கொன்றவன் நான்தான்.

பின்னால் தவுக்கே வந்து நின்றார். "அப்பா பசால்?" என்ன விஷயமாம். அக்கா அந்த மஞ்சள் அடையின்மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடி, நிதானமாக, "காராட், தவுக்கே" என்றார். துருவாம். பொய்யும் இல்லை. தவுக்கே தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா கைக்குட்டையோடு அடையைச் சுரண்டி எடுத்து என் கையில் கொடுத்து, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "சந்தனம் சினி, தம்பி." அதை இங்கே வை என்று அர்த்தம். சிரிக்கக்கூட இல்லை. அந்தப் பெருந்தன்மையை நான் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பில் ரிலேயைப் பூட்டினேன். கார் வருஷக்கணக்கில் ஓடியது. நானும் அதே பட்டறையில் தலைமை ஒயர்மேன் ஆனேன். சாமான் கடைக்குப் பேச டெலிபோனை எடுத்தால், அக்கா டூட்டியில் இருக்கிற நாளில் முதலில், "கெரெத்தா சேஹாட், தம்பி?" என்பார். கார் சுகமா? "சேஹாட், அக்கா" என்பேன். அப்புறம்தான் லைன் கொடுப்பார். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது, கடைசிவரை அப்படியே இருந்தது.

பிறகு ஒருநாள் பட்டறைக்கு விரலால் எண்ணைச் சுழற்றினால் நேரே லைன் கிடைக்கிற டெலிபோன் வந்தது. எல்லாரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான்தான் முதலில் சுழற்றினேன். ஒரே மணியில் கடைக்காரர் எடுத்துவிட்டார். நடுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. 'சேஹாட், அக்கா' என்று சொல்லத் திறந்த வாயால், ஒரு டஜன் ஃபியூஸ் வேண்டும் என்றேன்.